விசாரணைப் படிவத்தில் அண்ணன் பெயர்

புதன், இரவு

ஒரு முதியோர் இல்லத்தின் வலைத்தளத்துக்கு எங்கள் விளம்பர கம்பெனி மூலம் நான் எழுதிய பக்கம் கூகுள் தேடலில் முதலாவதாக வருகிறது. எத்தனை பேர் விசாரணைப் படிவத்தை நிரப்பியிருக்கிறார்கள் என்று மத்தியானம் பார்த்தேன். கடைசியாக இருந்த பெயர் டேவிட், இடம் காக்ஸ் டவுன். அம்மாவை எவ்வளவு சீக்கிரம் சேர்க்கலாம் என்று கேட்டிருந்தான். என் அண்ணன். எங்கள் அம்மா.

ஆபீஸ் படிக்கட்டில் நின்று அவனுக்குப் போன் செய்து, அம்மாவை இல்லத்தில் சேர்க்கப் போகிறாயா என்று கேட்டேன்.

"உனக்கு யாரு சொன்னாங்க?" என்றான்.

"அத விடுண்ணா. அம்மாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல. ரெண்டு தடவ கேஸ தொறந்துவிட்டுட்டுப் படுத்துட்டாங்க. நாங்க வேலைக்குப் போயிட்டா யாரு பாக்குறது? ஒரு மாசமா சேக்க மனசு வரல. நேத்து அந்த இல்லத்தோட வெப்சைட்ல, 'இங்கே சேர்ப்பது கைவிடுவது அல்ல'ன்னு போட்டிருந்துச்சு. அதப் படிச்சப்புறந்தான் ஃபார்ம நிரப்புனேன்."

அந்த வரி என்னுடையது. தயங்குகிறவர்களைப் படிவம்வரை கொண்டுவரும்படி எழுத இல்லத்துக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் எழுதிவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை.

"இல்லன்னா நீ கூட்டிட்டுப் போய் வச்சுக்கிறியா?" என்று கேட்டான். குரலில் கோபமே இல்லை.

சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். "நானும் வேலைக்குப் போறேனேண்ணா" என்றுதான் வந்தது. "சரிம்மா, வைக்கிறேன்" என்றான்.

இதுவரை நான் திரும்பக் கூப்பிடவில்லை.