நீ ஓடவில்லை, அக்கா

மெதுவாக நடக்கும் என் மீனாட்சி அக்காவுக்கு,

ஜப்பான்காரன் போய்விட்டான். இதைத்தான் உனக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். வெள்ளைக்காரன் திரும்பி வந்துவிட்டான், பிரிக்பீல்ட்ஸ் ரோட்டில் ஜீப்பும் லோரியும் வரிசையாய் ஓடுகின்றன. எதிர்ப்பக்கம் போய்க் கருவாடு வாங்கி வருவதற்குள் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. நீ இருந்தால் அலுக்காமல் நின்றிருப்பாய்.

தூரத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தால்கூட அது வந்து, நம்மைத் தாண்டி, கண்ணை விட்டு மறையும்வரை நகரமாட்டாய். "வா அக்கா, அவன் வர்றதுக்குள்ள நாம கிள்ளானுக்கே போயிட்டு வந்துடலாம்" என்று எத்தனை தடவை உன் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன்! "உனக்கென்னடி அவசரம், ரோடு எங்கே ஓடிடப் போகுது" என்பாய். அப்படிப்பட்ட நீ குறுக்கே ஓடி விழுந்து செத்தாய் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்கள். சொன்னது வேற்றாள் இல்லை, என் வீட்டுக்காரர்.

அவர் லோரியில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்த அன்று காலையில் நடந்ததைத்தான் சொல்கிறேன். உன்னைப் பார்த்ததும் நிறுத்தினார். நடக்கிறவருக்காக நிறுத்துகிற டிரைவர் முதலில் வலது கையை வெளியே நீட்டிப் பின்னால் வருகிறவனை நிறுத்த வேண்டும், அப்புறம்தான் முன்னால் நிற்கிறவரைக் கூப்பிட வேண்டும். இதை அவரே மற்ற டிரைவர்களிடம் பீற்றிக்கொள்வதை நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! அன்று அவர் கையை வெளியே நீட்டவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தபடியே சிரித்துக்கொண்டு, வாங்க வாங்க என்று உன்னைக் கூப்பிட்டார். பின்னால் வந்த ஜப்பான்காரன் கார், இவன் ஏன் சும்மா நிற்கிறான் என்று லோரியைச் சுற்றி வேகமாக முந்தியது. லோரிக்கு முன்னால் நடந்து அந்தப் பக்கம் வெளியே வந்த உன்னை அது அடித்துவிட்டது.

வேறு எந்த டிரைவர் கூப்பிட்டிருந்தாலும் நீ அசைந்திருக்க மாட்டாய். உன் தங்கை புருஷன் கூப்பிட்டார், வந்தாய்.

அன்று ஜப்பான் சிப்பாய்கள் விசாரித்தபோது, "அந்தம்மா தானா ஓடி வந்து விழுந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடமும் அதையே சொன்னார். உன் மகள் கமலத்திடமும் சொன்னார். காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாரே, அதற்கு மனசு எப்படி வந்தது அவருக்கு?

எட்டாம் நாள் தேத்தண்ணிக் கடை மரைக்காயர் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் கடை வாசலில்தான் எல்லாம் நடந்தது. "தங்கச்சி, பொய் சொல்ல எனக்கு வாய் வரல. ஒங்க அக்கா நடந்துதான் வந்தாங்க. ஒங்க வீட்டுக்காரர்தான் கூப்பிட்டாரு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றார். கடை பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். மனிதர் மறுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். "நான்தான் நிப்பாட்டிக் கூப்பிட்டேன்னு சொன்னா, அவனுங்க கார் வழியை மறிச்சேன்னு என்னையும் சயாமுக்கு ஏத்திடுவானுங்க, தனம். அத்தானைப் பாத்தியா, திரும்பி வந்தாரா? ஜப்பான்காரன் போகட்டும். போன மறுநாள் நானே எல்லார்கிட்டயும் சொல்றேன். ஒன் தலைமேல அடிச்சுச் சத்தியம்."

உன் புருஷனைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தவள்தானே நான்? அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. உயிருக்குப் பயந்து சொன்ன பொய், போகட்டும் என்று விட்டேன். இரண்டு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன், அக்கா. குழாயடியில் பெண்கள் "பாவம், பாக்காம ஓடிட்டா" என்று உச்சுக்கொட்டும்போதெல்லாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

ஜப்பான்காரன் போனான். மறுநாளும் வந்தது, மறுமாதமும் வந்தது. இவர் வாய் திறக்கவில்லை. பெரிய கம்பெனி ஒன்றில் டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், அதற்கு அலைந்துகொண்டிருக்கிறார் என்று நானும் பொறுத்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று டிரைவர்களைச் சாப்பிடக் கூட்டி வந்தார். சோறு போட்டுக்கொண்டிருந்தேன், கமலம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இப்போது பதினொரு வயது, உன் உயரம் வந்துவிடுவாள் போல. ரோட்டில் ஜனங்கள் கண்டபடி குறுக்கே பாய்கிறார்கள் என்று பேச்சு வந்தது. இவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே சொல்கிறார்: "நம்ம மேலயே பழியப் போடுறாங்க லா. நடக்கிறவங்க பாத்து நடக்க வேணாம்? தனத்தோட அக்காவையே எடுத்துக்குங்க. நான் லோரியை நிப்பாட்டிட்டேன், அப்பவும் ஓடிவந்து விழுந்தாங்களே!"

யார் கேட்டார்கள் இவரை? எந்தச் சிப்பாய் துப்பாக்கியோடு நின்றான்?

அவர்கள் போனதும் கேட்டேன். "இப்ப யாருக்குப் பயம்? சொல்லுங்க, யாருக்கு?"

"கத்தாதே. இத்தனை நாள் கழிச்சு மாத்திச் சொன்னா என்னை மதிப்பானுங்களா? கூப்பிட்டுக் கொன்னவன்னு தெரிஞ்சா எவன் வேலை குடுப்பான்? செத்தவங்களுக்கு இனிமே என்ன ஆகப்போகுது?"

செத்தவங்களுக்கு என்ன ஆகப்போகுதாம்! கேட்டாயா அக்கா? அன்று அழுதது உயிருக்காக என்று நம்பினேனே, நான் எவ்வளவு பெரிய முட்டாள்.

ஆத்திரத்தோடு பின்பக்கம் போனேன். கமலம் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். தோளைத் தொட்டதும் உடைந்துவிட்டாள். "அன்னிக்கு நான்தான் அம்மாகிட்ட, சீக்கிரம் வந்துடும்மா, பயமா இருக்குன்னு சொன்னேன் சித்தி. அதான் ஓடினாங்க. என்னாலதான்."

இரண்டு வருஷம்! ஒரே கூரைக்குக் கீழே, பக்கத்துப் பாயில் படுத்துக்கொண்டு, பிள்ளை இதைச் சுமந்திருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. உன்னை அவர் மட்டும் காட்டிக்கொடுக்கவில்லை அக்கா, வாயை மூடிக்கொண்டிருந்த நானும்தான். எந்த முகத்தோடு உன்னிடம் மன்னிப்புக் கேட்பேன்?

அங்கேயே உட்கார்ந்து அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். லோரி நின்றதை, அவர் கூப்பிட்டதை, பின்னால் வந்த காரை. "ஒங்க அம்மா ஓடல கண்ணு. எப்பவும் போல மெதுவாத்தான் நடந்து வந்தாங்க. நீ ஒண்ணும் பண்ணல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அதற்குள் இவரும் வந்து கதவோரம் நின்றிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே என்னைக் கேட்டாள்:

"அம்மா ஓடலன்னு சித்தப்பாவுக்குத் தெரியுமா?"

அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் கொடியில் கிடந்த சட்டையை எடுத்தார்.

"தெரியும்" என்றேன்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து அவள் அவரைச் சித்தப்பா என்று கூப்பிடுவதில்லை. நேற்றும் சாப்பிடக் கூப்பிடச் சொல்லி அனுப்பினேன். வாசலில் போய் நின்று, "சோறு ஆயிடுச்சு" என்றாள், அவ்வளவுதான். அவர் கண் கலங்கியது. கலங்கட்டும், எனக்கு இரக்கம் வரவில்லை.

மறைத்து வைக்க நான் இதை எழுதவில்லை. குழாயடிப் பெண்களுக்கும் படித்துக் காட்டப் போகிறேன். வருகிற ஞாயிறு அந்த மூன்று டிரைவர்களையும் மறுபடி சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன், மரைக்காயர் அண்ணனும் வருகிறார். என் வீட்டுக்காரர் தானாகச் சொல்ல அதுதான் கடைசித் தவணை. அவர் சொல்லாவிட்டால் நான் சொல்வேன். வேலை போனாலும் சரி, அவர் என்னை விட்டுப் போனாலும் சரி. உன் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தனை பேர் முன்னால் அதைக் கேட்பாள். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
தெரிந்தும் பேசாதிருந்த உன் கூடப்பிறந்தவள்,
தனம்