மூன்றாவது அழைப்பு

நவம்பர் 6

தெருவில் வீடு வீடாகக் கைமாறும் சுற்றறிக்கைப் பலகையைக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். காஜிதானி அம்மாள் கதவைத் திறந்ததுமே, "உள்ள ஏறி வாங்க முகாய் அம்மா, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்றார்.

"வேண்டாங்க, வாசலோட போறேன்."

"அட, வாங்க."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

அதோடு சரி. வாராவாரம் இதே கதை. முதல் இரண்டு அழைப்பு மரியாதைக்கு, மூன்றாவதுதான் மனசு என்று கியோத்தோவில் பிறந்தவளுக்குச் சொல்லியா தரவேண்டும்? இவர் வடக்கே ஆகிதாவிலிருந்து வந்தவர். இரண்டோடு நிறுத்திவிடுகிறார். அழைக்க மனமில்லை போலும்.

உள்ளே கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. போயிருக்கலாம். என் கணவர் இறந்த பிறகு வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் பேசுவது டிவி மட்டும்தான்.

நவம்பர் 14

மழை. சந்தில் காஜிதானி அம்மாள் எதிரே வந்தார். இருவரும் குடையை வெளிப்பக்கம் சாய்த்து வழிவிட்டோம். ஒருவர் மேலும் ஒரு சொட்டு விழவில்லை. ஒரு வார்த்தையும் பேசவில்லை.

டிசம்பர் 2

தோஃபு கடைக்காரர் சொன்னார்: "அந்த ஆகிதா அம்மாவை மகன் சப்போரோவுக்கே கூட்டிட்டுப் போறானாம். எத்தனை தடவை கூப்பிட்டும் ஒருத்தரும் வீட்டுக்குள்ள வரலை, தனியா இருக்க முடியலைன்னு அழுதாங்களாம்."

ஒருத்தரும் வரலையா? நான் போனேனே! போய் — வாசல்ல நின்னேன். அவ மனசாரத்தான் கூப்பிட்டிருக்கா. நான் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிட்டு நின்னிருக்கேன். என்ன ஜென்மம் நான்!

டிசம்பர் 9

காஜிதானி அம்மாள் விடைபெற வந்தார். மேல்கோட்டை வெளியிலேயே கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தார். இந்த ஊர் முறை தவறவில்லை.

"ஏறி வாங்க" என்றேன்.

"வாசலோட போறேங்க."

"ஏறி வாங்க."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"ஏறி வாங்க, ஏறி வாங்க—"

அவர் தலை தாழ்த்தினார். "கூப்பிடறதெல்லாம் சும்மா பேச்சுக்குன்னு இங்க வந்துதான் கத்துக்கிட்டேன். தெரியாம உங்களை ரொம்பத் தொந்தரவு பண்ணிட்டேன்."

மகன் காரில் காத்திருந்தான். கார் சந்துமுனை திரும்பும்வரை நான் குனிந்து வணங்கியபடியே நின்றேன். நிமிர்ந்தபோது யாரும் இல்லை.

டிசம்பர் 10

எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 20

காலி வீட்டைத் தாண்டி, இனி அடுத்த வீட்டில்தான் பலகையைக் கொடுக்கவேண்டும். புதிதாகக் குடிவந்த ஓனுகி தம்பதி. மனைவி கதவைப் பாதி திறந்து, "உள்ள வாங்களேன்" என்றாள். பேச்சுக்குத்தான். அவளுக்குப் பின்னால் தரையெல்லாம் துவைத்த துணி.

செருப்பைக் கழற்றினேன். குனிந்து, நுனி வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "ஐயையோ, வீடு இருக்கிற இருப்புல—"

"இருக்கட்டும்மா" என்று துணியை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன். "டீ குடு."