ஜெனரேட்டரில் தொங்கிய கேட் பாஸ்

இன்று காலை மழைக்கோட்டைக் காயப்போட எடுத்தபோது, அதன் பையில் என்னவோ மடங்கிக் கிடந்தது. பிளாஸ்டிக் உறை, அதற்குள் ரோஸ் நிறச் சீட்டு, சீட்டில் டீசல் வாடை. திருப்பிப் பார்த்தால் கோழி கிறுக்கியது போல உன் கையெழுத்து.

அடியே கட்கிக்காரி, ஓடிவிட்டதடி! நம் ஜெனரேட்டர் நேற்று நிஜ வெள்ளத்தில் ஓடியது. ஒத்திகை இல்லை, விளையாட்டு இல்லை. இதைச் சொல்ல உன் நம்பரைப் போனில் தேடி எடுத்துவிட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது. அதனால்தான் இந்த மடல்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நீ கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பிறந்து, மராட்டிப் பள்ளியில் படித்தவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். "இம்மாம் பெரிசா எழுதினா எவ படிப்பா? வாய்ஸ் மெசேஜ் போடுடி" என்பாய். சரி, எழுதி முடித்ததும் சத்தமாகவே படிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது அந்தக் கூட்டத்தில். வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று பேச மாநகராட்சி எங்கள் கம்பெனிகளையெல்லாம் கூப்பிட்டிருந்தது. ஆகுர்டியில் கார் பாகங்கள் செய்யும் எங்கள் தொழிற்சாலையிலிருந்து, பராமரிப்புப் பிரிவு சார்பாக நான் வந்திருந்தேன். மேடையில் ஒருவர் மாற்றி ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார்கள். கடைசி வரிசையிலிருந்து நீ எழுந்தாய். ஆற்றங்கரைக் குடிநீர் நிலையத்தின் ஜூனியர் இன்ஜினியர் என்று சொல்லிவிட்டு இந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாய்: "உங்களில் யாரிடம் ஜெனரேட்டர் சும்மா நிற்கிறது?" எனக்கு வாய் சும்மா இருக்காதே. எங்களிடம் ஒன்று இருக்கிறது, சக்கரம் வைத்தது என்றேன். மேடையில் இருந்தவர்களை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்து நம்பர் வாங்கிக்கொண்டாய். பிறகு டீ நாக்கைச் சுட்டு "ஐயையோ" என்று நீ கத்தியபோதுதான் தமிழ்க்காரி என்று தெரிந்தது. நான் கோயம்புத்தூர் என்றதும், "ஓ, அந்த ஏனுங்க வாங்க பார்ட்டியா?" என்று சிரித்தாய். அன்றிலிருந்து நான் உனக்குக் கோயம்புத்தூர்க்காரி, நீ எனக்குக் கட்கிக்காரி.

அந்த மழைக்காலத்திலேயே வெள்ளம் வந்தது. மேலே அணையைத் திறந்துவிட்டார்கள். மதியம் நீ போனில் கத்தினாய். "கரண்ட் போச்சுடி. எங்க ஜெனரேட்டர் கீழ்த்தளத்துல கீது, தண்ணிக்குள்ள. உன் வண்டிய அனுப்பு, ஜல்தி!" உங்கள் பம்ப் ஹவுஸுக்குள் கசிகிற ஆற்று நீரை, பள்ளத்தில் இருக்கும் மோட்டார்கள் வெளியே இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் போனால் அவை நின்றுவிடும். அவை நின்றால் மின்பலகைகள் இருக்கும் பேனல் ரூம் மூழ்கும். பேனல் ரூம் மூழ்கினால் அத்தனை வார்டுகளுக்கும் குடிநீர் கிடையாது. நீ இதை ஒரே மூச்சில் சொன்னாய், நானும் ஒரே மூச்சில் டிராக்டரில் ஜெனரேட்டரைக் கோத்து எங்கள் கேட்டுக்கு ஓடி வந்தேன்.

கேட்டில் காகா கையைக் காட்டி நிறுத்தினார். நாங்கள் எல்லோரும் சித்தப்பா முறை வைத்துக் காகா என்று கூப்பிடும் செக்யூரிட்டி. "கேட் பாஸ்?" என்றார்.

எங்கள் கம்பெனியில் ஒரு நட்டு வெளியே போவதானாலும் ஸ்டோர்ஸ் மேனேஜர் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். மேனேஜரோ தளேகாவில் இருக்கும் எங்கள் இன்னொரு தொழிற்சாலைக்குப் போயிருந்தார். மழையில் ரயில் நின்றுவிட்டது, போனும் எடுக்கவில்லை. கெஞ்சினேன், கத்தினேன், அழுதும் பார்த்தேன். "மேடம், சீட்டு இல்லாமல் விட்டால் என் வேலை போய்விடும்" என்றார் காகா. அதைச் சொல்லிக்கொண்டே தன் குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மனிதரை எப்படித் திட்டுவது, சொல்! மேனேஜர் வந்து கையெழுத்துப் போட்டு, நாங்கள் உன் இடத்துக்கு வந்து சேர்ந்தபோது நீ படிக்கட்டின் மேல் நின்றுகொண்டிருந்தாய். கீழே பேனல் ரூம் தண்ணீருக்குள் இருந்தது.

நான்கு நாள் குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. எங்கள் தெருவில் டேங்கர் வரிசையில் இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி, தண்ணீர் எப்போது வரும் என்று என்னைக் கேட்டாள். என் தப்பு என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வாரம் நீ எங்கள் கேட்டுக்கு வந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டதும் நான் போய்க் கழிவறையில் ஒளிந்துகொண்டேன். இதை இத்தனை வருடம் உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். வெளியே வந்து பார்த்தால் நீ காகாவோடு நின்று சிரித்துக்கொண்டிருக்கிறாய்! "அரே, ஆறு வந்து உங்க கேட்டாண்ட நின்னா, அதுங்கிட்டயும் பாஸ் கேப்பீங்களாடி?" என்றாய். உடனே குரல் மாறியது. "காகா மேல தப்பு இல்ல. அவருக்கு வேண்டியது ஒரு சீட்டு. அத முன்னாடியே போட்டு வண்டியிலயே மாட்டிடுவோம்."

அதோடு நீயே இன்னொன்றையும் போட்டு உடைத்தாய். வண்டி நேரத்துக்கு வந்திருந்தாலும் உங்கள் கேட்டிலும் நிறுத்தியிருப்பார்களாம். வெளி வண்டி உள்ளே வர மாநகராட்சி அனுமதிக் கடிதம் வேண்டுமாம். "எங்க கேட் மட்டும் இன்னா ஒசத்தி?" என்று தலையில் அடித்துக்கொண்டாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து கடக்வாஸ்லா ஏரிக்குப் போனோம். கரையில் உட்கார்ந்து எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தேய்த்த சோளத்தைக் கடித்துக்கொண்டே எழுதினோம். ஒரே சீட்டு. முன்பக்கம் எங்கள் கையெழுத்து, வெளியே விட. பின்பக்கம் உங்கள் கையெழுத்து, உள்ளே விட. நான் ஆங்கிலத்தில் மூன்று பக்கம் எழுதியதை நீ சோளக் கதிரால் தட்டிவிட்டாய். "ஒரு பக்கத்துக்கு மேல போனா கேட்ல நிக்கறவன் படிக்க மாட்டான். மழைல நின்னு படிக்கற மாதிரி எழுதுடி." சீட்டு ஒரு வருடம்தான் செல்லும், ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதும் உன் கட்டளைதான். "பழைய சீட்டுன்னா யாரும் மதிக்க மாட்டாங்க" என்றாய்.

அந்த ஒரு பக்கத்துக்கு எத்தனை மாத அலைச்சல்! எங்கள் ஆட்கள், ரிப்பேர் ஆனால் யார் பொறுப்பு என்றார்கள். உங்கள் ஆட்கள், டெண்டர் இல்லாமல் தனியார் பொருளை எப்படி வாங்குவது என்றார்கள். "வாங்கலீங்க, கைமாத்து" என்று நான் கத்த, "பொணத்த எரிக்கக்கூட டெண்டர் போடுவீங்களா சார்?" என்று மராட்டியில் நீ கேட்க, அந்த அதிகாரி சிரித்துவிட்டார். அவர் சிரிப்பு அடங்கும் முன்பே பேனாவை நீட்டிவிட்டாய்.

முதல் ஒத்திகை நினைவிருக்கிறதா? சீட்டு வேலை செய்தது, இரண்டு கேட்டும் திறந்தன, கேபிளை மாட்டினோம், மோட்டார் உறுமியது. நாம் எல்லோரும் குழாய் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் வருகிற வழியாகத் தெரியவில்லை! மூன்று கம்பிகளில் இரண்டு இடம் மாறிப்போய் மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. உங்கள் கமிஷனர் ஆபீஸ் ஆள் வேறு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு மானம் போயிற்று. நீயோ மறுநாள் கடைவீதியில் பிளாஸ்டிக் வளையல் வாங்கி வந்தாய். டேப் ஒட்டினால் டீசலில் உரிந்துவிடும், வளையல் உரியாது என்று, சிவப்பு ஒன்று, மஞ்சள் இரண்டு, நீலம் மூன்று என்று கம்பிகளுக்குப் போட்டாய். உங்கள் பக்கத்து முனைகளிலும் அதே கணக்கு. கண் தெரியாத மழையில்கூடக் கையால் தடவி எண்ணி மாட்டலாம். எங்கள் ஆண்பிள்ளைகள் முதலில் கிண்டல் செய்தார்கள். பிறகு ஆகுர்டியிலும் தளேகாவிலும் எத்தனை கம்பெனி நம்மோடு சேர்ந்ததோ, அத்தனை பேரின் கேபிளும் வளையல் போட்டுக்கொண்டது.

போன குளிர்காலத்தில் நீ போனாய். கடைசியாகப் பார்த்தபோதும் மருந்தைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. "பள்ளத்து மோட்டார் சர்வீஸ் ஆச்சான்னு கேளு" என்றாய். கேட்டேன். ஆகிவிட்டது என்றதும் கண்ணை மூடிக்கொண்டாய்.

இனிதான் நான் திட்டு வாங்க வேண்டிய கதை. மே மாதக் கடைசியில் புதுச் சீட்டு எழுத உட்கார்ந்தேன். பழைய சீட்டை எடுக்க ஜெனரேட்டரிடம் போனேன். பின்பக்கம் உன் கிறுக்கல். எடுத்தால் நீ போய்விடுவாய் போல இருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று திரும்பிவிட்டேன். மறுநாளும் அப்படித்தான். ஜூன் வந்தது, மழை வந்தது, எனக்கு மறந்தே போனது. நீ இருந்திருந்தால் என் காதைத் திருகியிருப்பாய்.

நேற்றுக் காலை அணையைத் திறந்துவிட்டார்கள். உன் இடத்துக்கு வந்திருக்கும் பையன் போனில் அழைத்து, கரண்ட் போய்விட்டது என்றான். நல்ல பையன். டிராக்டரில் கோத்துக் கேட்டுக்கு வந்தேன். அதே கேட், அதே மழை. காகா கையைக் காட்டி நிறுத்தினார். "பாஸ்?"

அப்போதுதான் உறைத்தது. பழைய சீட்டு, தேதி முடிந்த சீட்டு! காகா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். தேதியைப் படித்தார். அடுத்து என்ன செய்தார் தெரியுமா? அந்த உறையை விலக்கினார். அதன் பின்னால், அதே கம்பியில், இன்னொரு உறை. புதுச் சீட்டு! முன்பக்கம் எங்கள் ஸ்டோர்ஸ் மேனேஜர், பின்பக்கம் அந்தப் பையன், இந்த வருடத் தேதி.

"தீபாவளிக்கு சக்லி முறுக்கு கொடுக்க வந்தப்பவே பெரிய மேடம் சொல்லிட்டாங்க" என்றார் காகா, தன் மராட்டியில்; அவருக்கு நீதான் பெரிய மேடம். "மே மாசம் நான் இல்லேன்னா இவ இந்தச் சீட்டை எடுக்க மாட்டா, அழுதுக்கிட்டு நிப்பா, நீங்க பாத்துக்குங்கன்னு." வார லீவில் சைக்கிளை மிதித்துக்கொண்டு உன் பம்ப் ஹவுஸ் வரை போய்க் கையெழுத்து வாங்கி வந்திருக்கிறார் அந்த மனிதர். "பழசை எடுக்க எனக்கும் கை வரலை. புதுசைப் பின்னாடி கட்டி வெச்சேன்." பழைய சீட்டை அவிழ்த்து என் மழைக்கோட்டுப் பைக்குள் செருகினார். "இது உங்களுக்கு. கிளம்புங்க மேடம், தண்ணி ஏறுது."

அன்று தீபாவளிப் பலகாரத்தோடு நீ அவரிடம் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். ஊர்க்கதை பேசுகிறாய் என்று நினைத்தேன், பாவி நான்! நீ போவது உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் என்ன செய்வேன் என்பதும் தெரிந்திருக்கிறது.

உங்கள் கேட்டில் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. அந்தப் பையன் கொட்டுகிற மழையில் கம்பியைத் தடவித் தடவி "ஏக், தோன், தீன்" என்று வளையலை எண்ணினான். மாட்டினான். மோட்டார் உறுமியது. குழாய் வாயிலிருந்து பழுப்புத் தண்ணீர் பீறிட்டு ஆற்றிலேயே போய் விழுந்தது பாரு, எல்லோரும் கத்திவிட்டோம். தளேகாவ் லாரி மணல் மூட்டையோடு வந்து சேர்ந்தது. பேனல் ரூமுக்குக் கீழே, பள்ளத்துப் படிக்கட்டில் ஏறிய தண்ணீர் நின்றது, பிறகு ஒவ்வொரு படியாக இறங்கியது. பேனல் ரூம் தரையில் நான் செருப்பில்லாமல் நடந்து பார்த்தேன், காய்ந்த தரை! அந்தப் பையனைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன். அவன் பயந்துவிட்டான்.

இன்று காலை குழாயைத் திருகினேன். வந்தது. எதிர்வீட்டு அம்மா வழக்கம் போல, தண்ணீர் ஏன் இவ்வளவு மெல்ல வருகிறது என்று மாநகராட்சியைத் திட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நம்ம வேலை ஒழுங்கா நடந்தா பேப்பர்ல வராதுடி" என்பாயே. உன் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினேன்.

நம்மைப் பற்றி ஒரு வரி இல்லை.