உன் மாமாவும் நானும் ஆடிய ஆட்டம்

பூனாகலை,
8.2.1970

அன்பு மகள் காந்திமதிக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் சுகத்துக்குக் குறைவில்லை, கல்கத்தாவில் நீயும் அப்படியே இருக்க மாரியம்மன் துணை நிற்க வேண்டும். அம்மாவின் இருமல் உன் கடிதம் வந்த அன்று நின்றது, மறுநாள் திரும்பி வந்துவிட்டது, ஆகவே அடிக்கடி எழுது. மேற்படிப்பில் நீ படிக்கும் ஆட்டக் கணக்கைப் பற்றி எழுதியிருந்ததை மூன்று முறை படித்தேன். எதிராளி என்ன நினைப்பான் என்று நாம் நினைக்க வேண்டும், நாம் என்ன நினைப்போம் என்று அவன் நினைப்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்கிறாய். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இதப் படிக்கவா புள்ள கல்கத்தா போயிருக்கு, நம்ம லயத்துக் குழாயடியில வந்து நின்னாப் போதுமே என்றாள். அதுவும் உண்மைதான், லயத்து வரிசை வீடுகளில் யார் எத்தனை மணிக்குக் குடத்தோடு வருவார்கள் என்று ஒருவரை ஒருவர் முந்தி முந்தி இப்போது எல்லாரும் விடியற்காலை நாலு மணிக்கே வந்து நிற்கிறார்கள். வரிசை பழைய நீளம்தான், தூக்கம்தான் போனது.

ஆனால் அதே கடிதத்தில் நீ எழுதிய இன்னொரு ஆட்டம்தான் என்னைக் கவிழ்த்தது. இரண்டு பேர் பிரிந்துவிட்டார்கள், பேசிக்கொள்ள வழியில்லை, ஆனாலும் ஒரே இடத்தில் போய்ச் சேர வேண்டும், மற்றவர் எங்கே போவார் என்று சரியாக ஊகித்தால் இருவருக்கும் வெற்றி என்றாயே. படித்தவுடன் எனக்கு உன் மாமாதான் நினைவுக்கு வந்தார். நீ புறப்படும் முன் வைத்த விருந்துக்குத் தாய்மாமனை வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்காமல் தபாலில் அழைத்துவிட்டேன் என்று, பக்கத்துக் கொஸ்லந்தவில் இருந்துகொண்டு இரண்டு வருடமாக முகம் கொடுத்துப் பேசாதவர் முருகையா மச்சான். நானாக இறங்கிப் போக என் வாத்தியார் கௌரவம் விடவில்லை. இதற்கிடையில், எந்த நாட்டுப் பிரஜையும் இல்லாத நம் தோட்டத்துச் சனம் குடியுரிமைக்கு மனுக் கொடுக்கும் கடைசி நாள் நெருங்குகிறது. இந்தியாவுக்கு ஒரு மனுப் பாரம், இலங்கைக்கு ஒரு பாரம், ஏதாவது ஒன்றை நிரப்ப வேண்டும். இரண்டு வீடும் வேறு வேறு பாரம் கொடுத்தால் உன் அம்மா உடன்பிறந்தவரைக் கடலுக்கு இந்தப் பக்கம் நின்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். மச்சான் எப்போதும் இந்தியாவில் பூர்வீக ஊரான முசிறிக்கே போய்விடுவேன் என்பவர், நான் எப்போதும் இங்கேதான் என்பவன். ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. மகள் படிக்கும் படிப்பு கையில் இருக்கும்போது கேட்பானேன் என்று, அவர் முசிறிதான் என ஊகித்து, அம்மாவிடம்கூடச் சொல்லாமல் இந்தியப் பாரத்தை அழகான கையெழுத்தில் நிரப்பினேன். உன் பேராசிரியர் பார்த்தால் தட்டிக்கொடுப்பார் என்றுகூட எண்ணிக்கொண்டேன்.

படம் ஒட்டப் பசை வாங்கக் கொஸ்லந்தவில் வாஹித் நானா கடைக்குப் போனேன். எழுதத் தெரியாதவர்களுக்குப் பாரம் நிரப்பிக் கொடுப்பவர் அவர்தான். என் பாரத்தைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரிக்கிறார். என்ன மாஸ்டர் நீங்க இந்தியாவா, முருகையா போன கிழம வந்து இலங்கைக்கு எழுதிட்டாரே, மாஸ்டர் இங்கதான் இருப்பாரு, தங்கச்சிய விட்டுட்டுப் போக ஏலாதுண்டு சொன்னாரே என்றார். அவருக்காக நான் மாற, எனக்காக அவர் மாற, இருவரும் மிகச் சரியாக ஊகித்து மிகச் சரியாகப் பிரிந்திருப்போம். எனக்குச் சிரிப்பு வரவில்லை காந்திமதி. மச்சான் இன்னும் படம் கொண்டுவராததால் அவருடைய பாரம் வாஹித் நானாவின் மேசை லாச்சியிலேயே கிடந்தது எங்கள் நல்ல காலம்.

மறுநாள் வெற்றிலைத் தட்டோடு அம்மாவையும் கூட்டிக்கொண்டு மச்சான் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்து தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். ரெண்டு வருசம் கழிச்சு விருந்துக்குக் கூப்பிடுறீங்க, சோறு ஆறிப் போயிருக்குமே மச்சான் என்றார். யார் அழுதது என்று எழுத மாட்டேன், அது அம்மா இல்லை. பிறகு வாஹித் நானா சொன்னதைச் சொல்லி, எந்த நாடு என்று பேச்சு வந்ததும், நீங்க சொல்லுங்க, இல்ல நீங்க சொல்லுங்க என்று மறுபடியும் ஆட்டம் தொடங்கிவிட்டது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஆளாளுக்கு அடுத்தவங்க மனசுக்குள்ள பூந்து பாத்தீங்களே, நான் எங்க இருக்கணும்னு யாராச்சும் வாயத் தொறந்து கேட்டீங்களா, எனக்கு முசிறி எந்தப் பக்கம்னே தெரியாது, பொறந்ததும் கொழுந்து எடுத்ததும் இந்த மலையிலதான் என்றாள். இரண்டு வீட்டுக்கும் இலங்கைப் பாரம் போய்விட்டது. கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரிகள் பாடு.

இனி உன் விஷயம். உனக்கு வயது வந்துவிட்டதால் உன் பாரம் தனி, இரண்டையும் நிரப்பாமல் இதனுடன் வைத்திருக்கிறேன். போன கடிதத்தில் கல்கத்தாவிலேயே வேலை கிடைக்கும்போல் இருக்கிறது என்று எழுதத் தொடங்கிப் பாதியில் அடித்திருக்கிறாய். வாத்தியார் கண்ணுக்கு அடித்த வரிதான் முதலில் தெரியும். நீ இங்கே வந்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. அதை எழுதாதீங்க, புள்ள மனசு கலங்கும் என்று அம்மா தடுத்தாள். எழுதிவிட்டேன், ஒளித்து வைத்துப் பட்டது போதும். ஆனால் அது எங்கள் ஆசை, உன்னுடையது எது என்று எனக்குத் தெரியாது, ஊகிக்கவும் இனி மாட்டேன். அப்பா பாவம் என்று நினைத்து எந்தப் பாரத்தையும் நிரப்பிவிடாதே. நாள் இருக்கிறது, நிறைய இல்லை. அந்த வரியை அடிக்காமல் முழுதாக எழுதி அனுப்பு, அதில் என்ன இருந்தாலும் நானும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.

உன் படிப்பும் உடம்பும் ஒன்றுக்கொன்று குறையாமல் வளரட்டும், மாமாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்த்தி. பாரத்துக்குப் படம் எடுக்கும்போது தலையை வாரிக்கொண்டு எடு, இது அம்மா சொன்னது.

உன் பதிலைப் பார்த்திருக்கும் அப்பா,
சு. தம்பையா