டாக்டரம்மா வளர்த்த உண்ணிகள்

பாங்காக் பக்கத்துக் கால்நடை ஆய்வுப் பண்ணை.

அன்பு மனைவி புவாலைக்கு,

புத்தர் அருளால் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? இது என் சொந்தக் கையெழுத்து, சிரிக்காதே.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. நேற்று எருமைக் கன்றின் முதுகில் துணி ஒட்டியிருந்தது. பிரித்தால் உள்ளே கொழுத்த உண்ணிகள். ஊர்ப் பழக்கத்தில் எல்லாவற்றையும் பிடுங்கி நெருப்பில் போட்டுவிட்டேன். டாக்டரம்மா விமோன் ஓடி வந்தார்.

"ஐயோ தாத்தா! அது நான் ஆராய்ச்சிக்கு வளர்க்கிற உண்ணி!"

"எருமைய வளர்ப்பாங்க. உண்ணிய யாராச்சும் வளர்ப்பாங்களா தாயி?"

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"வேலை போகாது தாத்தா. இனிமே உண்ணி மேய்க்கிறது நீங்கதான்!"

நம் எருமை கறுப்பி சிவப்பாக மூத்திரம் போய்ச் செத்ததே, அது பேபிசியா நோயாம். உண்ணி கடித்துப் பரவுமாம். அதைத் தடுக்கத்தான் இத்தனை பாடும். நம் கறுப்பிக்காக யாரோ உழைக்கிறார்கள் என்று மனம் நிறைந்துவிட்டது.

வறுத்த மிளகாய்ப் பொடி அனுப்பு. இங்கே ஒட்டரிசிச் சோறு கிடைக்கிறது, கூட உட்கார்ந்து உருட்டித் தின்னத்தான் ஆளில்லை.

காலையில் பிக்குகளுக்குச் சோறிடும்போது விமோன் பெயரையும் சொல்லி வேண்டிக்கொள். மணி அடித்துவிட்டது, உண்ணிகளைப் பார்க்கப் போகிறேன். ஊரில் யாரிடமும் சொல்லிவிடாதே!

உன்
சங்வியன்