படத்துக்கு ஒரு பட்டா

என் மகாராணிக்கு,

பேப்பரில் பார்த்திருப்பாய். அமைச்சர் கையால் நம் காட்டு நிலத்துக்குப் பட்டா வாங்கும் தொப்பைக்காரன் நான்தான். நீ தைத்தனுப்பிய சட்டையை அதிகாரி கழற்றச் சொன்னார். "காட்டுக்காரன்னா காட்டுக்காரன் மாதிரி இருக்க வேண்டாமாய்யா?" இலைமாலை போட்டார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். தூ.

மேடையை விட்டு இறங்கியதும் குமாஸ்தா பட்டாவைப் பிடுங்கிக்கொண்டார். "இது படத்துக்குத்தான். உங்க நிலத்தை இன்னும் அளக்கவே இல்லையே."

இன்று வனக்காவலர் வந்து, "பட்டா இல்லாம மண்ணைக் கிளறினா கேஸ்தான், மாமா" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அந்தப் படத்தை நம்பித் தையல் கம்பெனி வேலையை விட்டுவிடாதே. பட்டா வந்ததும் விதைக்கலாம் என்று நீ முடிந்துவைத்த விதையை நேற்று சமைத்துத் தின்றுவிட்டேன். உப்புதான் கொஞ்சம் கூடிவிட்டது.

சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்ட
உன் வீட்டுக்காரன்