குடிக்காமல் வைத்த காபி

வத்ஹா, உனக்கும், நீ கோபித்துக்கொண்டு போயிருக்கும் உன் தந்தையின் கூடாரத்துக்கும் சாந்தி உண்டாகட்டும். நானும் ஒட்டகங்களும் நலம். உன் கோபம் நலமா?

நேற்று வெளியூர்க்காரர்களைப் பாழடைந்த கோட்டைக்கு அழைத்துப் போனேன். அங்கு மேய்ச்சலுக்கு இறங்கியிருந்தவர்கள் துப்பாக்கியோடு மறித்தார்கள். பயப்படாதே, காபியும் கொடுத்தார்கள். நான் குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தேன்.

அவர்களின் ஷேக் முறைத்தார். "என்ன வேணும், கேட்டுத் தொலை. நீ குடிக்காமப் போனா என் மானம்தான் போகும்."

"கோட்டையைப் பாக்க விடுங்க."

"இடிஞ்ச சுவத்துல என்னத்தப் பாக்கப் போறீங்க? சரி, போங்க. ஆறுறதுக்குள்ள குடி."

உள்ளே கூரையில்லை. இருவர் அமரும் அடுப்படி மட்டும் அப்படியே இருந்தது.

குளிர்கிறது, நீ எடுத்துக்கொண்டு போன என் கம்பளி அங்கியைக் கொடுத்தனுப்பு. ஒட்டகங்கள் எழுந்துவிட்டன, முடிக்கிறேன்.

நான் வரும்போது உன் தந்தை காபி ஊற்றுவார். உன்னை என்னோடு அனுப்பக் கேட்டு, கோப்பையைக் கீழே வைப்பேன். அவரால் மறுக்க முடியாது. உன்னால் முடியும். அதனால்தான் முதலில் உன்னிடம் கேட்கிறேன்.

ஃபாலிஹ்